மஞ்சள் வேட்டியைத் தேடியவர்கள்

பொதட்டூர்பேட்டை மேட்டுத் தெருவில் யாரும் யாரையும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு.

'உன் தறியில் இப்போது என்ன ஓடுகிறது?'

குடித்துவிட்டு வந்த புருஷனைப் பற்றிக் கேட்கலாம். தட்டிப்போன சம்பந்தத்தைப் பற்றிக் கேட்கலாம். மூலம் எப்படி இருக்கிறது என்று நடுத்தெருவில் நின்று குரல் கொடுத்துக்கூட விசாரிக்கலாம். ஒளிவுமறைவில்லாமல் பதில் வரும். தறியைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. கேட்டால் தறியில் ஏற்றிய பாவு நூல் அறுந்துபோகும், விற்கப் போன துணி வீட்டுக்கே திரும்பி வரும் என்று எவரோ எப்போதோ சொல்லிவைத்தது. அதனால் தறி ஷெட்டுக் கதவுகள் எந்நேரமும் ஒருக்களித்தே கிடக்கும். வெளியே கேட்பது சத்தம் மட்டும்தான். டக்கடக் டக்கடக் என்று தெருவே ஒரு பெரிய பல்வலி போலத் துடித்துக்கொண்டிருக்கும்.

தீபா திருத்தணியில் பிறந்து வளர்ந்தவள். மருமகளாக வந்த புதிதில் எதிர்வீட்டு பத்மாவிடம் தெரியாத்தனமாக அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பத்மா, அடுத்த பொங்கலுக்குத்தான் முகம் கொடுத்துப் பேசினாள்.

காலை பஸ்ஸில் திருத்தணிக்குப் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிற உத்தியோகம் தீபாவுக்கு. அரக்கோணம் ரோட்டில், ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மாடியில் நேசகுமாரின் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் மலையும் கோபுரமும் தெரியும். நேசகுமார் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்; மற்ற நாட்களில் கம்பெனிகளுக்கு 'எது விற்கும், எது விற்காது' என்று சொல்பவர்.

முன்பு அதற்காகப் பெண்களை வைத்திருந்தார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, 'நீங்க எந்த ஊறுகாய் வாங்கறீங்க' என்று கேட்டு எழுதி வருவார்கள். இப்போது அந்த வேலையை ஏஐ ஏஜென்ட் பார்க்கிறது. அதற்குத் தானாக எதுவும் தெரியாது. ஜனங்கள் போனில் எதைத் தேடுகிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து தேடுகிறார்கள், தேடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்கிற தேடுபொறி விவரங்களைச் சந்தா கட்டி வாங்கி, அந்தக் குழாயை ஏஜென்டின் வாயில் செருகிவிட வேண்டும். செருகியவள் தீபா. அப்புறம் தமிழில் கேட்டால் போதும். ஓடிப் போய்ப் பார்த்து, அலசி, அறிக்கையாக எழுதி நீட்டிவிடும். சித்தூர்ப் பக்கத்து ஊறுகாய்க் கம்பெனி ஒன்றுக்கு 'புளிச்சக்கீரை ஊறுகாய் தமிழ்நாட்டுப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகும்' என்றது. போனது. அன்றே நேசகுமார் அதற்குத் 'தீர்க்கதரிசி' என்று பெயர் வைத்துவிட்டார்.

வீட்டில் அதை விளக்குவதற்குள் தீபாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தறிக்காரர் வீட்டில் ஏஜென்ட் என்றால் துணியை விற்றுத் தரும் தரகர்.

"நம்ம ஊர் ஏஜென்டு கமிஷன் கேப்பான். உன் ஏஜென்டு இன்னா கேப்பான்?" என்றார் மாமனார் நாகராஜன். பங்குனி வெயிலில் ஷெட்டிலிருந்து வெளியே வந்து, பனியனைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கேக்க மாட்டான் மாமா."

"ஒண்ணும் கேக்காத ஏஜென்டா? அப்ப அவன் பெரிய திருடனா இருப்பான்."

"ஆளே கிடையாது நைனா, அது மெசினு," என்றான் நவீன்குமார், தீபாவின் கணவன். களி உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டே பேசினான். "நம்ம தறி மாதிரி."

"தறிக்கு நூல் போடணும். அதுக்கு இன்னா போடறீங்க?"

"ஊரு தேடறதையெல்லாம் போடறோம் மாமா. யாரு எதைத் தேடறாங்களோ, அதை வாங்கத்தான தேடறாங்க?"

நாகராஜன் யோசித்தார். "ஆங். அது சரிதான்," என்றார்.

அந்த வீட்டில் எல்லாரும் ஒருமுறையாவது 'அது சரிதான்' என்று சொன்னார்கள். பின்னால் அதைத்தான் தீபா நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

அவர்கள் வீட்டுத் தறிகளில் ஓடியது கூலி லுங்கி. முதலாளி பாவு சுற்றிய பீமை அனுப்புவார், நூல் அனுப்புவார். நெய்து கொடுத்தால் கூலி. மிச்சம் பிடிக்க முடியாது, பட்டினியும் கிடக்க வேண்டியதில்லை. நவீனுக்கு அந்தக் கூலி தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சொந்தப் பாவு போட வேண்டும், சொந்தத் துணி என்று ஒரு தடவையாவது மடித்து வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உன் தீர்க்கதரிசியை நமக்கும் ஒரு வார்த்தை கேளேன்," என்றான்.

தீபா கேட்டாள். ஆடிக் கிருத்திகைக்கு இந்தப் பக்கத்தில் எந்தத் துணி போகும்?

பதில் நொடியில் வந்தது. போன வருஷம் மயில் போட்ட கரையுடன் மஞ்சள் வேட்டி கட்டி, புஷ்பக் காவடி தூக்கிய இளவட்டங்களின் வீடியோ ஒன்று ஊர்ப்பட்ட போன்களில் சுற்றியிருக்கிறது. அதிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்திலும் சித்தூர்ப் பக்கத்திலும் ஜனங்கள் அந்த வேட்டியைத் தேடுகிறார்கள். தேடல் ஏறுமுகம். விற்போர் குறைவு. வாய்ப்பு: மிக அதிகம்.

நவீன் அந்தக் கடைசி வரியை மறுபடி மறுபடி படித்தான். பிறகு முதலாளியிடம் போய், லுங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"இன்னாடா சொன்னாரு?" அவன் அம்மா கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பீம் வேற ஊருக்குப் போனா திரும்பி வராது, யோசிச்சுக்கோன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"யோசிச்சிட்டேன்னு சொன்னேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் நாகராஜன் பேச்சை எடுத்தார். "இந்த சீசன் கைகொடுத்தா நாம மொதலாளி. கைவிட்டுதுன்னா தறிங்கள கழட்டி எடைக்குப் போட வேண்டியதுதான். நடுவுல ஒண்ணும் கிடையாது. எல்லாருக்கும் சம்மதமா?"

சம்மதம் என்றார்கள். தீபா முதலில் சொன்னாள்.

சாய நூல் வந்து இறங்கிய நாள் அந்த வீட்டில் தீபாவளி. கமலா குறுக்கு நூலைக் குச்சிகளில் தாராகச் சுற்றும் ராட்டை முன் உட்கார்ந்தாள். மஞ்சள் தார்கள் கூடையில் வாழைப்பூ மாதிரி குவிந்தன. நாகராஜன் பழைய பாவின் முனையில் புது இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தார். எச்சில் தொட்டு, இரண்டு விரலுக்குள் உருட்டி, அடுத்தது. கழுத்து பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கிண்டல் செய்தவரே இப்போது வீட்டில் எல்லாரையும்விடத் தீவிரமாக இருந்தார்.

"தீபா, உன் ஆளு இன்னிக்கு இன்னா சொன்னாரு?" பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே கேள்வி வந்துவிடும்.

"ஏறிகினே போவுது மாமா."

"எத்தினி?"

"போன வாரத்துக்கு ரெட்டிப்பு."

"கமலா! கேட்டியா? ரெட்டிப்பு!"

ஷெட்டுக்குள் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை. தகரக் கூரையிலிருந்து சூடு இறங்கும். ஃபேன் போட்டால் இழை பறக்கும் என்று ஃபேனும் கிடையாது. நவீன் ஒரு தறிக்கும் இன்னொரு தறிக்கும் இடையில் குறுக்கே நடந்துகொண்டே இருப்பான். அறுந்த இழையை முடிப்பான், தாரை மாற்றுவான், நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவைத் தட்டிவிடுவான். மஞ்சள் பஞ்சு அவன் புருவத்திலும் காது மடலிலும் படிந்து கிடக்கும். முதல் வேட்டி இறங்கியபோது அதை எடுத்து வந்து தீபாவின் மடியில் போட்டான். கரையில் மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு போயின.

"இது நம்மளுது," என்றான். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.

தேடல் ஏறிக்கொண்டேயிருந்தது. சித்திரையில் ஏறியது. வைகாசியில் பறந்தது.

ஆனியில் மெத்தைக் கம்பெனி ஒன்றின் வேலை வந்தது.

"மெத்தைக் கம்பெனிக்காரன் தேடல் ஏறி இறங்கற படம் கேக்கறான்மா," என்றார் நேசகுமார். "வார வாரம் பத்தாதாம். எந்த நேரத்துல ஜனம் தேடுதுன்னு மணிவாரியா வேணுமாம். அந்த நேரம் பாத்து விளம்பரம் போடுவானாம்."

"போட்டுடலாம் சார்."

போட்டாள். மெத்தையை ஜனங்கள் படுக்கப் போகும்போது தேடினார்கள். நியாயம்தான். வேலை முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. மயில் கரை மஞ்சள் வேட்டியையும் அதே மாதிரி மணிவாரியாகக் கேட்டாள்.

திரையில் வந்தது படமல்ல, ரம்பம்.

பகலில் திடுமென்று ஒரு முனை. அப்புறம் தரையோடு தரை. மறுபடி ஒரு முனை. மாலையில் ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் ஆபீஸ் விட்டு வந்து தேடியதாகத் தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் சமையல் முடித்துத் தேடியதாகவும் தெரியவில்லை. நடுவில் ஒரு வியாழக்கிழமை மட்டும் காலை முதல் மாலை வரை மலை மாதிரி நின்றது.

"அன்னிக்கு இன்னா விசேஷம் சார்? கிருத்திகையா?"

நேசகுமார் காலண்டரைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே. உங்க ஊர்ல எதுனா?"

ஊரில்?

அந்த வியாழக்கிழமை தீபா லீவு போட்டிருந்தாள். மிக்ஸி ஓடவில்லை. துவையலை அம்மியில் அரைத்துக் கை எரிந்தது. பொதட்டூர்பேட்டையில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு. நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. தறிகள் எல்லாம் நின்று, தெருவே செத்த வீடு மாதிரி அமைதியாக இருந்தது. ஆண்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து...

தீபா எழுந்துவிட்டாள்.

"எங்கம்மா போற? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"வீட்டுக்குப் போறேன் சார்."

பஸ் ஊர் ஊராக நின்று நின்று போனது. அவளுக்கு மட்டும் அது நகரவே இல்லை.

நவீன் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். கரண்ட் போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"பாவா, கரண்ட் போனா நீ இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவாங்க? காத்தாட உக்காருவேன்."

"உக்காந்துகினு?"

"போன் பாப்பேன். இன்னாடி போலீஸ் மாதிரி கேக்கற?"

"போன்ல இன்னா பாப்ப?"

அவன் வெட்கப்பட்டான். திருடி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சிரித்தான். "நம்ம வேட்டியைத்தான் தேடிப் பாப்பேன். வேற எவன்னா நெய்யறானா, இன்னா விலை போட்டிருக்கான்னு. யாரையும் வாய்விட்டுக் கேக்க முடியாதில்ல? தினமும் பாப்பேன். ஏன்?"

தீபா எதிர்வீட்டைப் பார்த்தாள். பத்மாவின் புருஷன் ஆனந்தன் படியில் குந்தியிருந்தான். கையில் போன். கட்டை விரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பிரகாஷ் வந்தான். தெருவுக்கெல்லாம் அவன்தான் தறி மெக்கானிக். எல்லா ஷெட்டுக்குள்ளும் தலையை நுழைக்க உரிமை உள்ள ஒரே ஆள். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் சொல்லாத வாய் அவனுடையது. சொன்னால் பிழைப்பு போய்விடும். கரையில் மயில் விழவைக்கும் டாபி கொஞ்சம் தடுமாறுகிறது என்று நாகராஜன் வரச் சொல்லியிருந்தார்.

தீபா வாசலிலேயே அவனை நிறுத்தினாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். எங்க ஷெட்டுக்குள்ள இன்னும் போவலதான நீங்க?"

"இல்ல தங்கச்சி. இப்பதான வர்றேன்."

"அப்ப உங்க தலைல இந்த மஞ்சள் பஞ்சு எங்கருந்து வந்துது?"

பிரகாஷ் தலையைத் தட்டிக்கொண்டான். பஞ்சு தோளில் விழுந்தது. தோளிலும் ஏற்கெனவே இருந்தது.

"யார் ஊட்டுது அண்ணா?"

"அத்த நான் சொல்லக் கூடாது."

"ஒரு ஊடா? ரெண்டு ஊடா? அத மட்டும் சொல்லுங்க. கூடப் பொறந்த தங்கச்சி கேட்டதா நெனச்சுக்கோங்க."

அவன் தெருவின் அந்த முனையைப் பார்த்தான். இந்த முனையைப் பார்த்தான். ஸ்பானரைப் பைக்குள் போட்டு மறுபடி வெளியே எடுத்தான்.

"தங்கச்சி, நானு ரெண்டு மாசமா மயிலத் தவிர வேற எதையும் ரிப்பேர் பண்ணல," என்றான். "கனவுல கூட அதான் வந்துகினு இருக்குது."

அவ்வளவுதான். தீபாவுக்கு எல்லாம் கோத்துக்கொண்டது.

தேடலின் முதல் ஏற்றம் மட்டும் அந்த வீடியோவைப் பார்த்த பக்தர்களுடையது. அதைப் பார்த்து அவள் நவீனுக்குச் சொன்னாள். சாய நூல் வண்டி அவர்கள் வாசலில் நின்றதைத் தெரு ஓரக்கண்ணால் பார்த்தது. வாய்விட்டுக் கேட்க முடியாத தெரு, போனைக் கேட்டது. கேட்டவர்கள் நூல் வாங்கினார்கள். நூல் வாங்கியதைப் பார்த்தவர்களும் போனைக் கேட்டார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் மேட்டுத் தெரு முழுக்கத் தன் பயத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அந்தத் தட்டலையெல்லாம் தீர்க்கதரிசி வாங்க வந்த ஜனம் என்று எண்ணிக்கொண்டது. அவளும் தினமும் அதைக் கொண்டுவந்து மாமனாரிடம் ரெட்டிப்பு, ரெட்டிப்பு என்று சொன்னாள்.

மத்தியானம் சொல்லிவிட்டாள். கமலா கீரை கடைந்துகொண்டிருந்த மத்து நின்றது.

"இரு இரு," என்றார் நாகராஜன். "அப்ப வாங்கறவன் எவனுமே தேடலையா?"

"கொஞ்சம் பேரு தேடியிருப்பாங்க மாமா. எத்தினி பேருன்னு பிரிக்க முடியல."

"இதை நீ மொதல்லயே..."

"நைனா!" என்றான் நவீன். "அவளுக்கு எப்படித் தெரியும்? நானே தேடிகினுதான் இருந்தேன். அவளாண்ட சொல்லலையே."

அவன் பரிந்து பேசியது தீபாவுக்கு அடியைவிட வலித்தது.

"நிறுத்திடலாமா?" என்றாள் கமலா மெதுவாக.

"நிறுத்திட்டு?" என்றார் நாகராஜன். "லுங்கி பீம் போயாச்சு. பாவுல ஏத்தின நூலை உருவி எங்க போடறது? ஏத்தினது ஏத்தினதுதான்."

"தெருவுக்குச் சொல்லிடலாம்," என்றாள் தீபா. "பாதிப் பேராவது நிறுத்தினா, மீதிப் பேருதாவது விக்கும்."

நாகராஜன் அவள் பக்கம் திரும்பினார். "நீ இந்தத் தெருவுக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது?"

அவர் தடுத்தும் கேட்காமல், தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியில் பத்மாவைப் பிடித்தாள். வரிசையில் மற்ற பெண்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "எல்லார் ஊட்லயும் மயில் கரைதான் ஓடுது. நாமளே தேடி நாமளே ஏமாந்துட்டோம். இவ்ளோ வேட்டியை யாரும் வாங்க மாட்டாங்க. கொஞ்சம் பேராவது நிறுத்துங்க."

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை.

"நீ நிறுத்திட்டியா?" என்றாள் பத்மா.

"எங்களுது... ஏத்தியாச்சு பத்மாக்கா."

"ஆங். உன்னுது ஏத்தியாச்சு. எங்களுத மட்டும் எறக்கணும். நல்லாத்தான் இருக்குது. திருத்தணிக்குப் போயி ஏசி ரூம்ல உக்காந்து கத்துகினு வந்தது இதுதானா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "போட்டிக்கு ஆளு வரக் கூடாதுன்னு வயித்தெரிச்சல் பாரு அவளுக்கு. அவ ஆபீஸ் மெசினு ஏறுதுன்னுதான் சொல்லியிருக்கும். அதான் நம்மள நிறுத்தச் சொல்றா."

அன்று மாலையிலிருந்து மேட்டுத் தெருவில் தறிச் சத்தம் கூடியது. பகல் ஷிப்டு மட்டும் ஓட்டியவர்கள் இரவு ஷிப்டும் ஓட்டினார்கள். மறுநாள் தேடல் என்றைக்கும் இல்லாத உயரத்துக்குப் போனது. தீர்க்கதரிசி பச்சை அம்புக்குறி போட்டு வாழ்த்துச் சொன்னது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மஞ்சளாகிவிடும். சரவணப் பொய்கையைச் சுற்றி நிற்க இடமில்லை. மழை வருவது போல் போக்குக் காட்டி, புழுதிக்காற்றை மட்டும் வீசிவிட்டுப் போனது. மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து வெடித்தது. பம்பைச் சத்தத்துக்கு நடுவே அரோகரா எழுந்து மலைமேல் போய் முட்டித் திரும்பியது. புஷ்பக் காவடிகள் தோள்களில் ஆடிக்கொண்டே படியேறின.

படிக்குப் போகும் பாதையில் நவீன் பிளாஸ்டிக் ஷீட் விரித்து வேட்டிகளை அடுக்கினான். தீபா ஒன்றைப் பிரித்துக் கரை தெரியப் பிடித்துக்கொண்டாள். நாகராஜன் தொண்டை கிழியக் கூவினார்.

"மயில் கரை! முருகன் வேட்டி! ஊட்லயே நெய்ஞ்சது!"

பக்கத்து ஷீட்டிலிருந்து அதே கூவல் வந்தது. அதற்கு அடுத்ததிலிருந்தும். ஆனந்தன், அவனுக்கு அந்தப் பக்கம் அவன் மாமன், எதிர் வரிசையில் தெருக்கோடி வீட்டுக்காரர்கள். மேட்டுத் தெரு அப்படியே பெயர்ந்து வந்து பாதையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத் தெரிந்த ஜனம்.

புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தீபாவின் முன் நின்றது. பெரியவர் கரையை விரலால் தடவினார். அவர் மனைவி வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாகுந்தி," என்று தெலுங்கில் மெச்சினாள்.

"எடுத்துக்கோங்கம்மா. உங்களுக்குன்னு விலை கொறச்சுத் தர்றேன்."

பெரியவர் தெலுங்கு கலந்த தமிழில் சிரித்தார். "எதுக்கம்மா? மொட்டை போடறப்போ கட்டற துணி, வருசத்துல ஒரு நாளு கட்டறது. தொவச்சு மடிச்சு சாமி ரூம்ல வெச்சிடுவோம். எங்க நைனா கட்டினதத்தான் நானு கட்டிகினு இருக்கேன். பாருங்க."

இடுப்பைக் காட்டினார். வெளிறி, எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகியிருந்த மஞ்சள். ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அதைப் பெருமையாகத் தட்டிக்காட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

தீபா அதற்கப்புறம் முகங்களைப் பார்க்கவில்லை, இடுப்புகளைத்தான் பார்த்தாள். வெளிறிய மஞ்சள், துவைத்துத் துவைத்து நைந்த மஞ்சள், மடிப்பு நிரந்தரமாக விழுந்துவிட்ட மஞ்சள். வேண்டுதல் துணி. பெட்டிக்குள்ளேயே இருப்பதை யாரும் போனில் தேடப் போவதில்லை. நடுநடுவே இளவட்டங்கள் புது வேட்டியில் வந்தார்கள்தான். ஒரு தெருவே நெய்ததற்கு அவர்கள் போதவில்லை.

பொழுது சாய்ந்தபோது நாகராஜனுக்குக் குரல் போய்விட்டது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வேட்டியை ஆட்டினார். நவீன் அவர் கையிலிருந்து அதை வாங்கி மடித்தான்.

"போதும் நைனா. ஊட்டுக்குப் போலாம்."

கொண்டுவந்த மூட்டைகள் ஏறக்குறைய அப்படியே ஆட்டோவில் ஏறின. முன்னால் போன ஆட்டோவிலும் மஞ்சள் மூட்டை. பின்னால் வந்ததிலும்.

ஆவணியில் நவீன் லுங்கி முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நின்றான். அவர் திட்டவில்லை, காபி வரவழைத்துக் கொடுத்தார். "பீமெல்லாம் அம்மையார்குப்பம் பக்கம் ஓடிகினு இருக்குதுப்பா. அவங்க நல்லா பண்றாங்க. அவங்க வயித்துல நான் எப்படி அடிக்கறது?" என்றார். நவீன் காபியைக் குடித்துவிட்டு வந்தான்.

வீட்டில் வேட்டி இல்லாத இடமில்லை. கட்டிலுக்கு அடியில், பரண்மேல், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். கமலா ஒன்றைக் கிழித்துக் கரித்துணியாக்கினாள். மாமியார் கிழித்த சத்தம் கேட்டு தீபா திரும்பினாள், திரும்பியதற்காக வருந்தினாள். ஷெட்டில் சத்தமே இல்லாததால், இத்தனை நாள் சத்தமாகப் பேசிப் பழகிய வீட்டில் எல்லாருடைய குரலும் கத்துவது போலிருந்தது. அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள்.

ஒரு காலையில் நாகராஜன் ஷெட்டைத் திறந்தார். எண்ணெய்த் துணியால் முதல் தறியின் நெஞ்சுக்கட்டையைத் துடைத்தார். கடைசித் தறிவரை துடைத்துக்கொண்டே போய்விட்டு, வெளியே வந்து மகனிடம் சொன்னார்.

"காயலான்காரனை வரச் சொல்லிடுடா."

நவீன் தீபாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டியிருந்தாள் அவள். அந்தச் சம்பளம்தான் இப்போது வீட்டில் உலை வைத்தது.

"உன் ஆளைக் கடைசியா ஒரு தடவை கேளு," என்றான்.

"எத்த?"

"பழைய தறிக்குக் கிராக்கி இருக்குதான்னு. ஓடற தறியைத் தறியாவே வித்துட்டா பரவால்ல. இரும்பா விக்கறதுக்கு மனசு வரல தீபா."

"வேணாம் பாவா. அதையே மறுபடி கேக்கணுமா?"

"கேளேன். எனக்காக."

போனில் கேட்டாள். பதில் வழக்கம்போல நொடியில் வந்தது. அவள் மறைப்பதற்குள் நவீன் எட்டிப் பார்த்துவிட்டான்.

பழைய விசைத்தறி: உங்கள் பகுதியில் தேடல் வேகமாக உயர்ந்து வருகிறது. விற்போர் குறைவு. வாய்ப்பு: மிக அதிகம்.

ஆடி மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாத்தியா? பாத்தியாடி! நைனா, இங்க வா. காயலான்காரனைக் கூப்பிடாத. தறி வாங்கறதுக்கு ஆளு தேடிகினு இருக்கான்!"

"பாவா, போன தடவையும் இப்படித்தான..."

"அது வேற. வேட்டி நாம நெய்யறது, அதான் நாமளே தேடினோம். தறிதான் நம்ம எல்லாராண்டயும் இருக்குதே. இருக்கறத எவனாவது தேடுவானா? வாங்கறவன்தான தேடுவான்? யோசிச்சுப் பாரு."

நாகராஜன் எண்ணெய்த் துணியோடு வாசலுக்கு வந்துவிட்டார். குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. "அது சரிதான்," என்றார் கரகரவென்று. "கொஞ்ச நாள் வெச்சிருந்தா வெல இன்னும் ஏறும்."

தீபா தெருவைப் பார்த்தாள். எதிர்ப்படியில் ஆனந்தன் குந்தியிருந்தான். அடுத்த வீட்டுப் படியில் அவன் மாமன். அதற்கடுத்த வீட்டிலும் ஒருவர், அதற்கடுத்ததிலும். தெருக்கோடி வரை, சத்தமில்லாத ஷெட்டுகளுக்கு முன்னால், ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை போனுக்குமேல் குனிந்திருந்தது. கட்டை விரல்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

"இன்னா தீபா, கம்முனு நிக்கற? நல்ல சேதிதான?"

அவன் கண்களில் அந்தப் பழைய வெட்கம், அந்தப் பழைய ஆசை. முதல் வேட்டியை அவள் மடியில் போட்ட நாளில் இருந்ததே, அது.

"ஆங்," என்றாள் தீபா. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பஸ்ஸுக்கு நடந்தாள்.